கருடனுக்கு ஒரு பந்தி

கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைத் தோளில் ஏற்றியவர்கள் சிலர், கைப்பேசியை உயர்த்திப் பிடித்தவர்கள் பலர். கோபுரத்துச் சாரத்தின் மேல் குருக்கள் புனித நீர்க் குடத்தோடு நின்றார். தவில்காரர் குச்சியை ஓங்கியபடியே உறைந்திருந்தார்.

வானத்தில் ஒன்றும் இல்லை. மேகம்கூட அன்றைக்கு லீவு போட்டிருந்தது.

ஆலயத் தலைவரான என் மச்சான் நடேசன், ஒரு கையால் பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். வாயைத் திறக்காமல் பல்லுக்குள்ளேயே கேட்டார்.

"எங்க லா உங்க கருடன்?"

போன மாதம் வரைக்கும் அது பெருமாளுடைய கருடன். அன்றைக்கு மட்டும் என்னுடையதாகிவிட்டது.

கும்பாபிஷேகத்தில் கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றும் முன் கருடன் வந்து கோபுரத்தை வட்டமிட வேண்டும். வட்டமிட்டால் சாமி குடியேறிவிட்டது என்று சனங்களுக்கு நிம்மதி. வராவிட்டாலும் குருக்கள் ஊற்றிவிடுவார். ஆனால் அடுத்த கும்பாபிஷேகம் வரைக்கும் ஊர் அதையே பேசும். அந்தக் கோயிலின் நிலை அதைவிட மோசம். கருடன் வராவிட்டால் கோயிலே இரண்டாக உடையும். அதன் நடுவில் நான் எப்படிப் போய் நின்றேன் என்பதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடியும்.

தூள் வேன்

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் புக்கிட் பெருவாங்கில் குடியிருப்பவன். ஒரு மசாலாத் தூள் ஆலைக்கு வேன் ஓட்டி, மலாக்காக் கடற்கரையோரம் இருக்கிற மளிகைக் கடைகளுக்கெல்லாம் மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் இறக்கியவன். அதனால் எனக்குத் 'தூள்' என்றே பெயர். அம்மா அப்பா வைத்த பெயரைப் போலீஸ்காரர் மட்டும்தான் கூப்பிடுவார், அதுவும் லைசென்ஸைப் பார்த்து.

கடைக்காரர் சரக்கைச் சரிபார்க்கும் வரை வெளியே நிற்க வேண்டும். நின்றால் பார்க்க வேண்டும். பார்த்தால் பறவை இருக்கும். என் பறவைப் படிப்பு அவ்வளவுதான். பிறகு பழைய சாமான் சந்தையில் ஒரு பைனாகுலர் வாங்கினேன். இடது கண்ணாடியில் பூஞ்சை; அந்தக் கண்ணுக்கு எப்போதும் மார்கழி.

மற்றவர்களுக்கு ஊர் என்றால் தெரு, கடை, சாப்பாடு. எனக்கு வேறு கணக்கு. மஸ்ஜித் தானா பக்கத்து வயல் என்றால் வெள்ளைக் கொக்கு. புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால், சம்பளத்துக்கு நிற்பதுபோல் வரிசையாக நடக்கும். தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் என்றால் பங்குனி. சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி வரும் பருந்துகள், களைத்துப்போய் மரங்களுக்கு மேலே தாழப் பறக்கும். செர்காம் சேற்றுக்கரை என்றால் உள்ளான்கள். அங்கேயே எப்போதாவது மொட்டைத்தலை நாரை ஒன்று வந்து நிற்கும், பென்ஷன் வாங்கிய தலைமையாசிரியர் மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

அந்தத் தலைமையாசிரியர் உவமை என்னுடையது அல்ல, காசிம் பாயுடையது. செர்காமில் மளிகைக் கடை வைத்திருப்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முதல் தடவை என்னைப் பைனாகுலரோடு பார்த்தபோது, "என்ன தம்பி, கொக்கப் பாத்தா கொத்தமல்லித் தூள் விக்குமா?" என்று கேட்டார். பேசாமல் அவர் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் திருப்பித் தரவில்லை. கடைக்கு வந்த பெண்மணி ஒருவர் சர்க்கரையைத் தானே நிறுத்து எடுத்துப் போனார்.

இப்போது மீன்பிடிப் படித்துறையில் பாய்க்கென்று ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் மீனவர்களே எழுப்பிவிடுவார்கள்.

ரேடியோவை எண்ணியவன்

என் வாய் என்னை மாட்டிவிடுவது புதிதல்ல.

சுங்கை ரம்பாய்க்குப் போன புதிதில், ஜன்னலே இல்லாத ஒரு மூன்று மாடிக் கட்டடத்திலிருந்து குருவிச் சத்தம் கொட்டியது. கீச்சுக் கீச்சென்று காதைக் கிழிக்கிற கூட்டம். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 'உழவாரக் குருவி, நானூறுக்குக் குறையாது' என்று எழுதினேன். அன்று மாலை பாயிடம் பெருமையாகக் காட்டினேன்.

பாய் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"கதவு பூட்டியிருந்துச்சு பாய். ஆனா சத்தம் கேட்டுச்சே!"

"அது ஸ்பீக்கர். அந்தக் குருவிக் கூடு சூப்புக்கு நல்ல வெல போகும். கூடு கட்ட வர்ற குருவிய ஏமாத்தி இழுக்க, டேப் போட்டு வச்சிருக்காங்க. நீங்க ரேடியோவ எண்ணி எழுதியிருக்கீங்க."

அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. பாய் கிழிக்க விடவில்லை. கடைக்கு யார் வந்தாலும், "நம்ம தூள் ரேடியோவுக்கே தலை எண்ணுனவரு" என்று அறிமுகப்படுத்துவார்.

ஆனால் ஒன்று மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. பறவையை வரவைக்க முடியும்.

மச்சானுக்குக் கொடுத்த வாக்கு

மெர்லிமாவுக்கும் சுங்கை ரம்பாய்க்கும் நடுவில் ஒரு தோட்டம். பெயரைச் சொன்னால் என் மச்சான் இனிமேல் வீட்டுக்கு வரமாட்டார். அதற்காகவே சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வேண்டாம்.

தோட்டத்து நிலம் விற்றுப்போய் வீடுகள் எழும்பின. தோட்டத்து மாரியம்மன் கோயிலும் இடம் மாற வேண்டி வந்தது. பழைய இடத்துக்கு அரை மைல் தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களை ஒட்டி ஒரு மனை கிடைத்தது. மச்சான் ஆறு வருடம் அலைந்து கட்டடத்தை எழுப்பினார். எல்லாம் முடிந்தபோது பாக்கியம் அக்கா ஒரு வார்த்தை சொன்னார்.

பாக்கியம் அக்கா அந்தத் தோட்டத்தில் ரப்பர் காலத்தில் பால் மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு உரம் போட்டவர். இப்போது மகளோடு டவுனில் இருக்கிறார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் நாற்பது குடும்பம் பொறுக்கிக்கொள்ளும்.

"கட்டடம் வந்துருச்சு, சரி. அம்மா வந்தாளா? அவ பழைய எடத்துலதான் இருக்கா. கருடன் வந்து சுத்தட்டும், நான் உள்ள வந்து விழுந்து கும்புடுறேன். இல்லன்னா வெளிய நாற்காலி போட்டு ஒக்காந்துட்டு, அப்படியே எழும்பிப் போறேன்."

நாற்பது குடும்பமும் அதையே சொன்னது. பழைய இடத்து வேப்பமரத்தடியில் தனித் திருவிழா வைக்கலாம் என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. மச்சானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

"கருடன்தானே மச்சான்? செர்காம்ல காலையில பத்து மணிக்குப் போய் நின்னா தலையில முட்டும். நான் பாத்துக்கிறேன்."

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கன்ஃபர்மா மாப்ள?"

"கன்ஃபர்ம்."

"தஞ்சோங் துவான்ல ஆயிரக்கணக்குல வருதுன்னு சொல்வீங்களே, அதுல ஒன்னு ரெண்ட இந்தப் பக்கம் திருப்பி விட முடியாதா?"

"அது பங்குனியில வரும். நம்ம தேதி ஆவணி. அதுவும் அது வேற பருந்து."

என் மனைவி சரோஜா நான் சொல்வதில் பாதியைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்வாள். அன்றைக்கு முழுசையும் எடுத்துக்கொண்டாள். மச்சான் போன பிறகு சொன்னாள்: "எங்கண்ணன் தல குனிஞ்சிருச்சுன்னா நீங்க இந்த வீட்டுக்கு வர வேணாம். செர்காம்லயே கொக்கோட ஒத்தக்கால்ல நில்லுங்க."

மூன்று ஞாயிறு

"கருடன எப்படி லா கொண்டாறது?" என்று பாயிடம் கேட்டேன்.

பாய் படித்துறையைக் காட்டினார். படகு வந்து மீன் பிரிக்கிற நேரம். வேண்டாத குஞ்சு மீனும் குடலும் தண்ணீரில் விழ விழ, செம்பழுப்பு உடம்பும் வெள்ளைக் கழுத்துமாகக் கருடன்கள் வளைந்து இறங்கி, காலால் அள்ளிக்கொண்டு, பறந்தபடியே தின்றன.

"கூப்பிட்டா வருமா தம்பி? பந்தி போட்டா வரும்."

"கோயில்ல மீன் குடலா? பாய், நான் காப்புக் கட்டப்போறவன். மீனத் தொடக்கூடாது. பாத்தாலே தப்பு."

"நீங்க எதுக்குத் தொடுறீங்க? எனக்கு என்ன காப்பா கட்டியிருக்கு?"

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன். குடல் கோயில் எல்லைக்குள் விழவில்லை. கோயில் மனைக்குப் பின்னால் ஒரு பெரிய வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் இரண்டு வரிசை செம்பனை, அதற்கும் அப்பால் ஒரு வெட்டவெளி. அங்கேதான். அளந்து பார்த்தவன் சொல்கிறேன்.

பாய் ஒரு மஞ்சள் வாளி நிறைய மீன் குடலைக் கொண்டுவந்தார். கும்பாபிஷேகத்துக்கு முந்திய மூன்று ஞாயிறும், குடம் ஏறப்போகும் அதே பத்து மணிக்கு, வெட்டவெளியில் கொட்டிப் பழக்கினோம். முதல் ஞாயிறு காக்கையும் ஓர் உடும்பும் வந்தன. உடும்பு தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி சாப்பிட்டுவிட்டுப் போனது. இரண்டாம் ஞாயிறு இரண்டு கருடன். மூன்றாம் ஞாயிறு ஆறு! கோபுரத்துக்கு மேலேயே வட்டமடித்துவிட்டுத்தான் இறங்கின. பாய் வாளியைத் தாளமாகத் தட்டினார்.

அந்தக் கடைசி இரண்டு ஞாயிறும் இன்னொன்றையும் பார்த்தேன். பெரியவை தின்றுவிட்டுப் போய் முக்கால் மணி கழித்து, தனியாக ஒன்று வந்தது. உடம்பெல்லாம் மண் நிறம், கழுத்தில் வெள்ளையே இல்லை. அது கருடக் குஞ்சு. கருடனுக்கு அந்த நிறம் வர இரண்டு மூன்று வருடம் ஆகும். பெரியவற்றோடு போட்டி போடப் பயந்துகொண்டு, எல்லாம் முடிந்த பிறகு வந்து காலி இடத்தைச் சுற்றிவிட்டுப் போகும்.

"பாவம், இதுக்கு எப்பவும் கடைசிப் பந்திதான்" என்றார் பாய். நான் நேரத்தோடு நோட்டில் குறித்துக்கொண்டேன்.

முதல் கெட்டிமேளம்

கும்பாபிஷேக நாளில் பாயால் எங்களைப் பார்க்க முடியாது. நடுவில் செம்பனை மறைக்கும். கைப்பேசியும் அங்கே சரியாக எடுக்காது. அதனால் அடையாளம் ஒன்று பேசி வைத்தோம். குடம் புறப்படும்போது கெட்டிமேளம் கொட்டும். கேட்டதும் வாளியைக் கவிழ்க்க வேண்டும். மீதியைக் கருடன்கள் பார்த்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் யோசித்த நான், ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கெட்டிமேளம் ஒரு தடவையோடு நிற்காது. யாகசாலையில் பூர்ணாகுதி கொடுக்கும்போதும் கொட்டும். எனக்கு அது பிறந்ததிலிருந்து காதில் விழுகிற சத்தம். சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. பாய் கும்பாபிஷேகத்துக்கு வந்ததே அதுதான் முதல் தடவை.

ஒன்பது மணி வாக்கில் பூர்ணாகுதி. நாதஸ்வரம் உச்சிக்கு ஏற, கெட்டிமேளம் அதிர்ந்தது. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டகையை விட்டு ஓடிவந்து வெளியே பார்த்தேன்.

ஆறு கருடன்கள். அப்படி ஓர் அழகை நான் படித்துறையிலும் கண்டதில்லை. காலை வெயில் பட்டுச் செம்பு மாதிரி மின்ன, கோபுரத்தை மூன்று முறை சுற்றின. பிறகு செம்பனைக்குப் பின்னால் இறங்கின.

பார்க்க யாரும் இல்லை. மச்சான், குருக்கள், மேளம், கேமராக்காரர், சனங்கள், அத்தனை பேரும் தகரக் கூரைக்குக் கீழே புகைக்குள் இருந்தார்கள்.

உள்ளே போய் இழுத்துவரலாமென்றால், பூர்ணாகுதி நடுவில் யார் எழும்புவார்கள்? நான் வெளியே வந்ததற்கே குருக்கள் ஒரு மாதிரி பார்த்தார். கால் மணி நேரத்தில் விருந்தாளிகள் கிளம்பிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். வயிறு நிறைந்தவன் எதற்குத் திரும்பி வருவான்?

அதற்கும் அரை மணி கழித்துத்தான் குடம் புறப்பட்டது. இரண்டாம் கெட்டிமேளம் கொட்டியது. கோபுரத்தடிக்கு எல்லோரும் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், மச்சான் என்னிடம் வந்து, "எங்க லா உங்க கருடன்?" என்றார்.

மண் நிறம்

"வரும் மச்சான்" என்றேன். 

குருக்கள் மேலிருந்து கீழே பார்த்தார். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. பாக்கியம் அக்கா சொன்னபடியே விடிந்ததிலிருந்து கோயில் எல்லைக்கு வெளியே, வாய்க்கால் ஓரம் செம்பனை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி, குடம் ஏறும் நேரத்துக்கு வந்து சேர்ந்த அந்த நாற்பது குடும்பம். சரோஜா என்னைப் பார்த்த பார்வையில் கொக்குகள் தெரிந்தன.

பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். இடது கண்ணில் மார்கழி. வலது கண்ணில், தூரத்தில், செம்பனைக்கு மேலே ஒரு புள்ளி.

"வருது!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். புள்ளி பெரிதானது. இறக்கை தெரிந்தது. மெதுவாக வந்து, கோபுரத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டது.

மண் நிறம். கழுத்தில் வெள்ளை இல்லை. கடைசிப் பந்திக்காரன்.

"அது பருந்து லா" என்றார் ஒருவர்.

"கழுத்துல வெள்ளை எங்க? பெயின்ட் அடிக்க மறந்துட்டாங்களா?" என்றார் இன்னொருவர். சிரிப்பு ஒரு மூலையிலிருந்து பரவியது.

"இது கருடன்தான்!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "குஞ்சு! சின்ன வயசுல நிறம் இப்படித்தான் இருக்கும். வாலப் பாருங்க, விசிறி மாதிரி உருண்டையா இருக்கு. பருந்துக்கு வால் நடுவுல பொளந்திருக்கும்!"

"தூளு, ரேடியோவ எண்ணுன ஆளுதானே நீ?" என்று எங்கிருந்தோ ஒரு குரல். பாய் அந்தக் கதையை மெர்லிமாவு வரைக்கும் கொண்டுபோயிருந்தார்.

எத்தனையோ நாள் எத்தனையோ பேரிடம் அளந்து விட்டிருக்கிறேன், நம்பியிருக்கிறார்கள். அன்றைக்குச் சொன்னது சுத்தமான உண்மை. ஒருவர்கூட நம்பவில்லை. மச்சானின் கண் கலங்கிவிட்டது. குருக்கள் குடத்தைச் சாய்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

மெல்ல மெல்ல எல்லோருடைய பார்வையும் வாய்க்கால் பக்கம் போனது. பாக்கியம் அக்கா கையை நெற்றிக்கு வைத்து வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்தார். 

"என்னத்த இளிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார். "பெரியவங்க எல்லாம் அப்பவே வந்துட்டுப் போயிட்டாங்க. ஆறு பேரு. மூணு சுத்து சுத்துனாங்க. நான் இங்கேருந்து எண்ணுனேன். நீங்கதான் கொட்டாய்க்குள்ள பொகையில ஒக்காந்திருந்தீங்க. இது கடைக்குட்டி. தூளு சொல்றது சரிதான். ஊத்துங்க சாமி தண்ணிய!"

சொல்லிவிட்டு, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, எல்லையைத் தாண்டி உள்ளே நடந்தார். பின்னாலேயே நாற்பது குடும்பமும். கெட்டிமேளம் கொட்டியது. தண்ணீர் விழுந்தது. மச்சான் சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார். மேலே கடைக்குட்டி இன்னொரு வட்டம் போட்டது.

இலை முன்னால்

அன்னதானப் பந்தியில் பாக்கியம் அக்கா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"தூளு, அந்தப் பாய் எங்க?"

"எந்தப் பாய் அக்கா?"

"வாய்க்காலுக்கு அந்தாண்ட மஞ்ச வாளியோட நின்னாரே, அவரு."

 அவர் உட்கார்ந்திருந்த இடத்தை அப்போதுதான் மனக்கண்ணில் பார்த்தேன். எங்களுக்கு மறைத்த செம்பனை அவருக்கு மறைக்கவில்லை.

"கூப்பிடு. வெயில்ல நிக்க வச்சிட்டு நீ இங்க வடை தின்ற."

பாய் கை கால் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு, குற்றவாளிபோல் வந்து என் மறுபக்கம் உட்கார்ந்தார். வாளியை என்ன செய்வதென்று தெரியாமல் அதையும் கழுவிக் கையோடு கொண்டுவந்திருந்தார். அக்கா அவர் இலையில் தானே இரண்டு அப்பளம் வைத்தார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "எல்லாத்தையும் பாத்துட்டும் ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"ஏன், பொய்யா சொன்னேன்? ஆறு பேரு வந்தாங்க, ஆறுன்னு சொன்னேன்."

"வந்தது மீன் குடலுக்கு அக்கா."

"இங்க பாரு." அக்கா பந்தியை ஒரு சுற்றுக் கண்ணால் காட்டினார். "ரெண்டு பஸ் நெறைய வந்திருக்காங்களே, பாதிப் பேரு சாமிக்கா வந்தாங்க? சாப்பாடு போடுறாங்கன்னு வந்தாங்க. கருடன் மட்டும் சும்மா வரணுமா?"

பாய் அப்பளத்தை உடைக்காமல் சிரித்தார்.

"அத விடு" என்று அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஆறு பேரு வந்தது உன் பந்திக்கு. சரி. அந்தக் கடைக்குட்டி வந்தப்ப அங்க என்னா இருந்துச்சு? நான் எட்டிப் பாத்தேன். ஒன்னும் இல்ல. உடும்பு நக்கிட்டுப் போயிருச்சு. பின்ன அது எதுக்கு வந்துச்சு? சொல்லு."

அவர் கண்ணில் விளையாட்டு இல்லை. கண்ணோரம் ஈரமாக இருந்தது.

பதில் என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு ஞாயிறு, இரண்டு நேரம், என் கையெழுத்தில்: 'குஞ்சு, தனியாக, பந்தி முடிந்து முக்கால் மணி கழித்து.' பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். மேசைக்குக் கீழே அவர் மஞ்சள் வாளியைக் காலால் மெல்ல உள்ளே தள்ளினார்.

"தெரியலக்கா" என்றேன். "பாயசம் போடச் சொல்லவா?"